வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கள்ளுக்கடை

வானூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ‘என் நிலத்து வரப்பில் 40 பனை நிற்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி. அங்கே அதே பனையில் கள் இறக்கிக் கடை போட்டு விற்கிறார்கள். இங்கே இறக்கினால் வழக்கு. அந்தக் கடைகளுக்குப் போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அமிர்தம் என்கிறார் ஒருவர், மருந்து கலந்த தண்ணீர் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?’

உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் எழுதக்கூடிய கேள்வி இல்லை இது. ஏப்ரலில் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அதை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, காலையும் மாலையுமாக இரண்டு கடைகளைப் பார்த்தேன். அரசுப் பணியில் இருப்பவன் கள் வேண்டும், வேண்டாம் என்று கட்சி கட்ட முடியாது. ஆனால் மரத்தில் சுரப்பது தம்ளருக்கு வரும்வரை என்ன நடக்கிறது என்பது வேளாண்மைதான். அதைச் சொல்லலாம்.

முதலில் வரப்பு விஷயம். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாகக் கிடப்பதில்லை. பாகூர் ஒரு துண்டு, மண்ணாடிப்பட்டு ஒரு துண்டு என்று நம் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களுக்கு நடுவே ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி விரிந்து கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை அது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. எல்லைக்கோடு மட்டும் நகரவில்லை. ஒரே ஏரித் தண்ணீர், ஒரே நெல் ரகம், ஒரே பனை. வாய்க்காலைத் தாண்டினால் சட்டம் வேறு.

நம் பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் தளர்த்தினார்கள். 1973இல் கள்ளுக்கடையையும் 1974இல் சாராயக்கடையையும் மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு மீண்டும் தடை. அன்று ஏணியைச் சாய்த்து வைத்தவர்களில் பெரும்பாலோர் இன்று மரமேறும் வயதைத் தாண்டிவிட்டார்கள். புதுச்சேரியில் 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் கலால் துறை கள்ளுக்கடைகளை ஏலம் விடுகிறது. எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்ட வேண்டும். இந்தக் கிஸ்தி என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கடற்கரைச் சாலையும், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர் வீடுகளும், வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டத்துக்கான ரெஸ்டோ பார்களும்தான். கள்ளுக்கடை அந்தப் படத்தில் இருக்காது. நான் முதலில் போனது நகரத்தின் தெற்கே. முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம் கடந்து பாலம் ஏறி, அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டிப் போகிற வழி. அதே ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கப்பலில் வந்த சரக்கும், உள்ளூர் மரத்தில் இறக்கிய சரக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கும் போல.

காலை எட்டு மணி. கடை என்றால் கீற்றுக் கொட்டகை, மண் தரை, நான்கு பெஞ்சு, உரிமம் பெற்றவர் பெயரும் கடை எண்ணும் எழுதிய ஒரு பலகை. வேப்பமர நிழலில் ஒரு அம்மா சுண்டலும் நெத்திலி வறுவலும் மாங்காய்த் துண்டும் வைத்திருந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு மரமேறி ஒருவர் வந்து இறக்கினார். கடைக்காரர் பன்னாடையைப் பானை வாயில் விரித்து ஊற்றினார். பன்னாடை என்று நாம் ஆளைத் திட்டுகிறோமே, காரணம் இதுதான்: நல்லதைக் கீழே விட்டுவிட்டு எறும்பையும் ஈயையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு அதைவிட நல்ல வடிகட்டியை நான் பார்த்ததில்லை.

அரைத் தம்ளர் குடித்துப் பார்த்தேன். பால் கலந்த தண்ணீர் நிறம். நுரை மெல்ல மேலே வந்தது. இனிப்பு முதலில், புளிப்பு பின்னால், லேசாக மூக்கில் ஏறும் ஒரு வாசனை. பக்கத்துப் பெஞ்சில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர் ஒருவர், ஒரு சொம்பு வாங்கி ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு பெரியவர்கள் தம்ளரை வைத்துக்கொண்டு நெல் அறுவடை இயந்திர வாடகையைப் பற்றிப் பேசினார்கள். சேலம் பக்கமிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த ஒரு விவசாயி, மனைவியையும் பிள்ளைகளையும் வேனில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் இறங்கி வந்திருந்தார். ‘எங்க அப்பா காலத்துல குடிச்ச ருசி சார் இது’ என்று இரண்டு முறை சொன்னார்.

மாலையில் பார்த்தது வேறு கடை, நகரத்தின் மேற்கு விளிம்பில். ஏழு மணி இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, டியூப் லைட். நீல நிற பிளாஸ்டிக் பேரலிலிருந்து ஜக்கில் மொண்டு கொடுத்தார்கள். புளித்த மாவு வாடை வாசலிலேயே வந்தது. பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் செல்போனில் வழி பார்த்துத் தேடி வந்திருந்தார்கள். அந்தப் பெண் உள்ளே காலடி வைத்ததும் கொட்டகையே பேச்சை நிறுத்தியது. யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. உட்கார ஒரு இடமும் சொல்லவில்லை. ஒரு மடக்கு குடித்துவிட்டு முகம் சுளித்து, மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்குப் போனதும் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், சேலத்துக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வாசகர் கேட்ட ‘ஆளுக்கு ஒன்று’ இப்படித்தான் உண்டாகிறது.

காலையில் பார்த்த கடைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். முப்பது வருடமாக இதே தொழில். ‘காலையில வந்தவன் ஆஹான்னுவான் சார், ராத்திரி வந்தவன் த்தூன்னுவான். ரெண்டு பேருமே பொய் சொல்லல’ என்றார்.

அவர் சொன்னதன் பின்னால் உள்ள விஞ்ஞானம் எளிது. பாளையில் வடியும் சாற்றில் சுமார் 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை. காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த நிமிடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை தடைபடும். அதுதான் பதநீர், கொங்குப் பக்கம் தெளுவு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சாராயச் சத்து நான்கிலிருந்து ஆறு விழுக்காடு வரை போகும். ஒரு நாள் தாண்டினால் வேறு நுண்ணுயிரிகள் கைக்கு வந்து காடியாக மாற்றத் தொடங்கும். ஆக, கள் என்பது பாட்டில் சரக்கு மாதிரி ஒரு பொருள் இல்லை. இறக்கியதிலிருந்து புளித்துப் போகும் வரையுள்ள ஒரு பொழுது. மரத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்பதுதான் ருசி.

கள்ளில் போதையே இல்லை, அது உணவு என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. உணவுச் சத்து கொஞ்சம் இருப்பது உண்மை, ஈஸ்ட் இருப்பதால் பி வைட்டமின்களும் உண்டு. ஆனால் ஐந்து விழுக்காடு பீருக்குச் சமம். கடைகளில் விற்கும் பிராந்தி 42.8 விழுக்காடு என்பதால் கள் அதைவிட எத்தனையோ மென்மை என்பது சரி. ஐந்து சொம்பு குடித்தவருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இனி கிஸ்தி. கடை ஏலத்தில் போட்டி கூடினால் தொகையும் கூடும். மரமோ அந்தப் போட்டியைப் பார்த்துச் சுரப்பதில்லை. பனையில் தை, மாசியில் தொடங்கி வைகாசி, ஆனி வரைதான் பருவம். மற்ற மாதங்களில் தென்னையை நம்ப வேண்டும். நல்ல தென்னையில் ஒரு பாளை நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கொடுக்கும். சீவுகிற பாளையில் காய் கிடையாது. மழைக்காலத்தில் ஏறவே முடியாது. கிஸ்தி மட்டும் பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் தண்ணீர் வருகிறது, சாக்கரின் வருகிறது. மோசமான இடங்களில், வீரியம் குறைந்ததை மறைக்க மயக்க மாத்திரைகளும் வருகின்றன. இது புதுச்சேரிக்கு மட்டுமான நோய் இல்லை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் குளோரல் ஹைட்ரேட், டையசெபம், அல்பிரசோலம் கலந்த கள் பல வருடமாகப் பிடிபட்டுவருகிறது. 2025 ஜூலையில் ஐதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் உயிரிழந்தார்கள். நான் போன மாலைக் கடையில் எதையும் கலந்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பேரலுக்குச் சமமான மரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் என் கண்ணில் படவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கள் கிடைக்காத இடத்தில் எல்லோரும் மோர் குடித்துக்கொண்டு இருக்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கள் இயக்கக்காரர்கள் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் கள்ளுக்கடை திறந்தால் விஷச் சாராயம் தானாக ஒழியும் என்று நான் எழுத மாட்டேன். புதுச்சேரியில் கள்ளுக்கடையும் இருக்கிறது, சாராயக்கடையும் இருக்கிறது, பிராந்திக் கடையும் இருக்கிறது. ஒன்று வந்து மற்றொன்று போகவில்லை.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும்தானா என்றால் இல்லை. இங்கிலாந்துக் கிராமங்களில் பப் என்று ஒரு கடை உண்டு. ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொதுவீடு என்பதன் சுருக்கம். ஊர்க்காரர்கள் மாலையில் கூடி, பார்லியில் செய்த ஏல் என்ற பானத்தைக் குடித்துக்கொண்டு மழையையும் மாட்டு விலையையும் பேசுகிற இடம். அங்கே போய் வந்த பயணிகளும் இரண்டாகப் பிரிகிறார்கள். கணப்பு அடுப்பு, பழைய மர உத்தரம், அன்பான முதலாளி என்று ஒரு கூட்டம் புகழும். புளித்த பானம், அந்நியரைக் கண்டதும் அடங்கிப் போகும் பேச்சு, பொட்டலத்தைச் சூடாக்கிக் கொடுத்த சாப்பாடு என்று இன்னொரு கூட்டம் முகம் சுளிக்கும். காரணமும் நம் கடைக்காரர் சொன்னதுதான். அவர்களுடைய பழைய முறை ஏல் பீப்பாயிலேயே நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள சரக்கு. திறந்தால் சில நாளில் விற்றாக வேண்டும். கூட்டம் வருகிற கடையில் நன்றாக இருக்கும், ஈ ஓட்டுகிற கடையில் புளிக்கும். பெரிய ஆலைகள், கெடாத சரக்கைக் கொண்டுவந்து இதை ஓரம் கட்டியபோது, 1971இல் குடிக்கிறவர்களே ஓர் இயக்கம் தொடங்கிப் பழைய ஏலுக்காகப் போராடினார்கள். நம்மூரில் மதுவிலக்கைத் தளர்த்திய அதே வருடம். கம்பிரியா பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில், 2003இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு ‘ஓல்டு கிரவுன்’ என்ற தங்கள் பப்பை வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். கடை ஊர்க்காரர் கையில் இருந்தால் தங்களுக்கே கெட்ட சரக்கை யாரும் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் கள் இறக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் கடை நடத்துவதுண்டு. 1969லேயே கள் தொழிலாளர்களுக்குச் சேமநிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே கள்ளு ஷாப்பில் கப்பையும் மீன் குழம்பும் சாப்பிடக் குடும்பத்தோடு போகிறார்கள். நம் பக்கம் ‘கள் வேண்டும்’ என்று கேட்கிறவர்கள், எந்த மாதிரிக் கடை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏலத்தில் எடுத்தவர் நடத்தும் பேரல் கடையா, மரம் வைத்திருப்பவரும் மரம் ஏறுபவரும் சேர்ந்து நடத்தும் பானைக் கடையா? சட்டத்தில் ஒரு வரிதான் வித்தியாசம். தம்ளரில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

காலைக் கடையில் குடம் இறக்கிய மரமேறியோடு சிறிது நேரம் பேசினேன். ஐம்பத்தெட்டு வயது. மார்பில் மரம் உரசிய காய்ப்பு. பருவத்தில் ஒரு மரத்துக்கு ஒரு நாளில் இரண்டு தடவை, ஆண்பனையில் பாளையைக் கடிப்பால் நசுக்கி, அரிவாளால் வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் பாளை வாய் மூடிக்கொள்ளும். திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எதற்கும் விடுப்பு இல்லை. ‘எம் பையன் ஓட்டல்ல வேலை செய்றான் சார். மரம் ஏறச் சொல்லமாட்டேன்’ என்றார். கள்ளுக்கு அனுமதி உள்ள ஊரிலேயே நிலை இதுதான். அனுமதி வந்தால் மறுநாளே மரமெல்லாம் பணம் கொட்டும் என்று நினைப்பவர்கள், ஏற ஆள் எங்கே என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுண்டல் விற்ற அம்மாவிடமும் கேட்டேன். அவர் கணவரும் அதே கடைக்கு வாடிக்கை. ‘காலையில ஒரு சொம்போட வேலைக்குப் போனா எனக்கு ஒண்ணுமில்ல சார். சாயந்திரம் கூலிய வாங்கிட்டு நேரா வந்து உக்காந்தா, வீட்டுக்குப் பாதி கூலிதான் வரும். கள்ளா இருந்தா என்ன, சாராயமா இருந்தா என்ன?’ என்றார். அதே கடை வாசலில்தான் அவருக்கும் பிழைப்பு நடக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை. நானும் மேலே எதுவும் கேட்கவில்லை.

அந்த வேனில் உட்கார்ந்திருந்த சேலத்து அம்மாவுக்கு என்ன அபிப்பிராயம் என்று கேட்காமல் விட்டது மட்டும் மனதில் இருக்கிறது. இந்தக் கடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் உள்ளே போனவர்கள். வெளியே காத்திருந்தவர்கள் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை.

இனி வானூர் வாசகருக்கு. புதுச்சேரிக் கடையில் குடிப்பது அங்கே குற்றமில்லை. ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுவது நம் பக்கத்தில் குற்றம், கோரிமேட்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள். போகிறவர்கள் காலையில் போங்கள், பானையைப் பாருங்கள், எந்தத் தோப்பு மரம் என்று கேளுங்கள். கடைக்காரர் கை நீட்டி மரத்தைக் காட்டினால் உட்காரலாம். அளவுக்கு மீறிய தித்திப்பும், குடித்ததும் நாக்கு மரத்துப்போவதும், அரைத் தம்ளரிலேயே கண் செருகுவதும் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் 40 பனைக்கு இப்போதே வழி இருக்கிறது. பதநீர் இறக்கத் தடை இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தவறாமல் இருக்க வேண்டும், அதுதான் சட்டத்துக்கு முன் உங்கள் சாட்சி. தென்னை வைத்திருப்பவர்களுக்கு நீரா உண்டு. 2017இல் தமிழக அரசு அறிவித்தபடி, தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாக உரிமம் பெற்று இறக்கலாம். காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், பாளையிலேயே குளிர்பெட்டி கட்டிச் சாற்றை நொதிக்காமல் எடுக்கும் முறையைக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து சர்க்கரையும் காய்ச்சலாம். மரமேறுபவர் கிடைத்தால், பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மரத்தை வெட்டிச் சூளைக்குக் கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் நம் பக்கத்துத் தென்னையையும் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது வரப்புப் பனைகள் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். புதிதாக வைக்கிற விதை பாளை விட 12 முதல் 15 வருடம் ஆகும். 40இல் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று இந்தப் பருவத்திலேயே எண்ணி, மரத்தில் அடையாளம் போட்டு வையுங்கள். குத்தகை பேச வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.